பியானோவின் பேஸ் கம்பியும் ஒரு பச்சை அட்டை நோட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக 1990-91 பிளஸ் டூ இயற்பியல் பிள்ளைகள்.

போன வாரம் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து இப்போதைய பாட்டு டீச்சர் போன் செய்தார். திருச்சிப் பக்கத்துப் பள்ளி. பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். பிரேயர் ஹால் மூலையில் நிற்கும் அந்தப் பழைய பியானோவைச் சரிசெய்ய ஒரு முன்னாள் மாணவர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஆனால் அடிப்பக்க பேஸ் கம்பிகளில் ஏழு இல்லை. சுண்ணாம்பு அடிக்க வந்த சமயத்தில், அறுந்து தொங்கியவற்றை யாரோ கழற்றிவிட்டார்கள். சென்னையில் கம்பி சுற்றித் தருபவரைக் கேட்டால், "பழைய கம்பியை அனுப்புங்க, இல்லேன்னா அளவை அனுப்புங்க" என்கிறாராம். இரண்டும் இல்லை.

"சார், நீங்க இருந்தப்ப ஒரு தடவை எல்லாக் கம்பிக்கும் அளவு எடுத்தீங்களாமே?" என்று கேட்டார்.

எடுத்தோம். ஏன் எடுக்க நேர்ந்தது என்பதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதை இத்தனை வருஷமாக யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு முன், ஒரு கம்பிக்கு ஏன் இவ்வளவு பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாத்தியார் புத்தி, கணக்கில்லாமல் கதை சொல்ல வராது.

லேபில் நீங்கள் சோனாமீட்டர் வைத்துச் செய்த சோதனை நினைவிருக்கிறதா? மரப்பெட்டி, அதன் மேல் ஒரு கம்பி, தொங்கும் எடை, நடுவில் மடித்த காகிதத் துண்டு. சுருதிக்கவையைத் தட்டி வைத்ததும் காகிதம் துள்ளி விழும். அந்தச் சோதனையின் விதியை 1636-இல் புத்தகமாக எழுதியவர் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கம்பி நீளமானால் ஒலி தாழும். இழுவிசை கூடினால் ஒலி ஏறும். கம்பி கனமானால் ஒலி தாழும். இந்த மூன்றுக்குள்தான் உலகத்துத் தந்தி வாத்தியங்கள் எல்லாம் அடங்கும்.

இதைப் பியானோவில் வைத்துப் பாருங்கள். 88 கட்டைகள். நடு சி என்கிற ஸ்வரம் நொடிக்கு ஏறத்தாழ 262 அதிர்வு. அதற்குரிய கம்பி இரண்டடிக்குச் சற்று மேல் நீளம். இடது கோடியில் இருக்கும் கடைசிக் கட்டைக்கு 27.5 அதிர்வுதான். அதே கம்பியை அதே இழுவிசையில் நீட்டிக்கொண்டே போய் அந்த ஒலியைப் பிடிக்க வேண்டுமானால் 20 அடி வேண்டும். ஹாலுக்குள் பியானோ வைக்க முடியாது, பியானோவுக்குள் ஹாலைத்தான் வைக்க வேண்டும்.

சரி, கம்பியைத் தொளதொளவென்று விட்டால்? இழுவிசை போனால் சத்தமும் போய்விடும். சரி, தடித்த இரும்புக் கம்பி போட்டால்? அங்கேதான் சிக்கல். தடித்த கம்பி கம்பியாக இருக்காது, கடப்பாரையாகிவிடும். வளைந்து கொடுக்காது. அதிலிருந்து வரும் மேல் ஸ்வரங்கள் எல்லாம் சுருதி விலகி, தண்டவாளத்தைத் தட்டினமாதிரி கேட்கும். கனம் வேண்டும், ஆனால் விறைப்பு கூடாது. இதற்கு மனுஷன் கண்டுபிடித்த வழிதான், நடுவில் மெல்லிய கம்பி, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. சுற்றுக் கம்பி எடையை மட்டும் தரும், இழுப்பதெல்லாம் உள்கம்பி. 1660-களில் ஐரோப்பாவில் நரம்புத் தந்தியின் மேல் உலோகக் கம்பி சுற்றத் தொடங்கிவிட்டார்கள். நம் வயலின்காரர்களின் நாலாவது தந்தியை உற்றுப் பாருங்கள், அதே சுற்றுதான்.

நரம்பு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தந்திக்கு நம் பழைய சொல்லே நரம்புதான். யாழின் தந்தியும் நரம்பு, அதில் பிறக்கும் ஸ்வரமும் நரம்பு. நம்மூர் ஆலந்துறையார் கோயிலுக்குத் திருஞானசம்பந்தர் பதிகம் இருக்கிறது. அவரோடு யாழை ஏந்திக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று பெரியபுராணம் சொல்கிறது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்: இந்த ஊரில் எந்த நரம்பு அறுந்தது, யார் முடிச்சுப் போட்டார்கள்? யாழ் மறைந்தே போனது. அதன் அளவுகளைப் பழைய நூல்களிலிருந்து கணக்குப் போட்டு மீட்க விபுலானந்த அடிகள் பல வருஷம் உழைத்து, 1947-இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அவரும் அறிவியல் வாத்தியார்தான் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

வீணை, தம்புராவிலும் இதே பிரச்சினை உண்டு. நம் ஆட்கள் கீழ் ஸ்தாயித் தந்திக்கு இரும்பை விட்டுப் பித்தளை போட்டார்கள். பித்தளை இரும்பைவிடக் கனம். தம்புராவில் மூன்று எஃகு, ஒன்று பித்தளை. அந்தப் பித்தளை ஒன்றுதான் மந்தர ஸட்ஜம், மொத்தக் கச்சேரியும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இனி பியானோ. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1700 வாக்கில் கிறிஸ்டோஃபரி என்பவர் செய்தது முதல் பியானோ. மரச் சட்டம், மெல்லிய கம்பிகள். அடுத்த நூறு வருஷத்தில் எல்லாரும் இன்னும் பெரிய சத்தம் கேட்டார்கள். சத்தத்துக்குக் கம்பி தடிக்க வேண்டும், இழுவிசை ஏற வேண்டும். மரம் தாங்கவில்லை. பாஸ்டனில் பாப்காக் என்பவர் 1825-இல் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை வாங்கினார். பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ஃபால் என்பவர் 1854-இல் உறுதியான எஃகுக் கம்பி இழுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அட்லாண்டிக் கடலடியில் 1866-இல் போட்ட தந்திக் கேபிளுக்கு மேல்கவசமாகப் போனது அதே ஆலையின் கம்பிதான். பியானோவின் தந்தி, தபாலாபீஸ் தந்தி, இரண்டும் ஒரே பட்டறைப் பிள்ளைகள்! நியூயார்க்கின் ஸ்டைன்வே 1859-இல் பேஸ் கம்பிகளை மற்றக் கம்பிகளுக்கு மேலாகச் சாய்வாகக் குறுக்கே போட்டுக் காப்புரிமை எடுத்தார்கள். அதனால் சின்னப் பெட்டியிலேயே நீளமான கம்பி போட முடிந்தது.

ஒரு கம்பியின் இழுவிசை 70, 80 கிலோ. மொத்தம் 200-க்கும் மேற்பட்ட கம்பிகள். கூட்டினால் 18, 20 டன் வரும். நம் அரியலூர் ரோட்டில் போகும் சிமெண்ட் லாரி கணக்கில் சொன்னால் 400 மூட்டை. அவ்வளவு பாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் அது ஹால் மூலையில் சாதுவாக நிற்கிறது. கம்பியை அவிழ்க்கும்போது முகத்தை நேராக வைத்துக்கொள்ளாதே என்று பழைய ஆட்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்தப் பியானோக்கள் கப்பலில் சென்னைக்கு வந்தன. 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடைதான் இன்று அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல். துரைமார் பங்களா, கிளப், மாதா கோயில், மிஷன் பள்ளி, ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்று அவை பரவின. வயலினை நாம் சுவீகாரம் எடுத்துக்கொண்டோம். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து அது நம் பிள்ளைதான். பியானோவை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது: அதில் கமகம் வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, படி ஏறித்தான் போக வேண்டும். அதனால் அது கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிட்டது. விருந்தாளிக்கு உடம்புக்கு வந்தால் பார்க்க வீட்டில் வைத்தியர் கிடையாது.

உடம்புக்கு வரத்தான் வந்தது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊறும், சித்திரை வெயிலில் சுருங்கும். முளைகள் தளரும். வீணையில் பிரடை என்கிறோமே, அதுபோல இங்கே இரும்பு முளைகள். சுத்தியல் கம்பளியை அந்துப்பூச்சி தின்னும். எலி குடித்தனம் நடத்தும். எங்கள் பியானோவுக்குள் மழைக்காலத்தில் ஒரு சின்ன பல்பை எரியவிடுவோம், ஈரம் அண்டாமல் இருக்க. எல்லாவற்றிலும் முதலில் சாவது பேஸ் கம்பிதான். செப்புச் சுற்றின் இடுக்கில் தூசியும் களிம்பும் புகுந்து அடைத்துக்கொள்ளும். சுற்று ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் கம்பி மறுபடி கடப்பாரைதான். கட்டையை அழுத்தினால் சாக்கு மூட்டையில் குத்தின மாதிரி 'தொப்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

1989. ஹால் பொறுப்பு என்னிடம் இருந்தது. பியானோவின் இடது கோடியில் நாலாவது, ஐந்தாவது கம்பிகள் அறுந்து அடியில் கிடந்தன. கட்டை விரல் தடிமனில்லை என்றாலும் நல்ல கனமான செப்பு. ஆண்டு இறுதியில் உடைந்த பெஞ்சு, ஓட்டை வாளி எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போட்டோம். அதோடு அந்தக் கம்பிகளையும் நானே எடுத்துப் போட்டேன். செப்புக்கு நல்ல விலை கிடைத்தது. ஆபீசில் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தோம். நல்ல நிர்வாகி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து தலைமையாசிரியர் ட்யூனர் ஒருவரை வரவழைத்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர். பொன்மலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பை 1928-இல் அங்கே கொண்டுவந்தபோது ஒரு காலனியே குடிபெயர்ந்தது. அந்தக் காலனியின் பியானோக்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர் அவர். சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு தோல் பை. முன்பலகையைக் கழற்றினார், ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் கேட்டார், குனிந்து அடியில் தேடினார்.

"மாஸ்டர், அந்த ரெண்டு பழைய கம்பி எங்க வெச்சிருக்கீங்க?"

"அறுந்துபோச்சுங்களே, எடைக்குப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிப் பியானோ மேல் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது கடையில வாங்குற சாமான் இல்ல மாஸ்டர். இந்தப் பியானோவுக்குன்னு பொறந்தது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல, யார்கிட்ட போய் அளவு கேட்கிறது?"

அன்றுதான் எனக்குப் புரிந்தது. மேல் ஸ்தாயிக் கம்பிகள் வெறும் எஃகு. அளவு பார்த்து ஒரு சுருள் வாங்கினால் எந்தப் பியானோவுக்கும் வெட்டிப் போடலாம். பேஸ் கம்பி அப்படியில்லை. உள்கம்பியின் தடிமன், செப்பின் தடிமன், செப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கொக்கியிலிருந்து குதிரை எவ்வளவு தூரம், எல்லாமே அந்த ஒரு மாடலுக்கு, அந்த ஒரு கட்டைக்கு உரியது. லண்டனில் அந்தக் காலத்தில் சின்னச் சின்னப் பியானோ கம்பெனிகள் ஏராளம். பெரும்பாலானவை மூடிப்போய்விட்டன. அறுந்த கம்பிதான் அளவுச் சீட்டு. அதைத்தான் நான் போண்டாவாக மாற்றிவிட்டேன்.

அறுந்த கம்பி கையில் இருந்திருந்தால் அதையேகூடக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பெரும்பாலும் கம்பி அறுவது முளையில் சுற்றியிருக்கும் இடத்தில்தான். அப்படியானால் செப்புப் பகுதி முழுசாக இருக்கும். புதுக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு நுனியையும் வளையமாக்கி ஒன்றையொன்று கவ்வவைத்து முடிச்சுப் போட்டு நீட்டிவிடலாம். முடிச்சு ஒலிக்கிற பகுதிக்குள் வரக்கூடாது, முளைக்கும் மேல் தாங்கிக்கும் நடுவில் நிற்க வேண்டும். இழுக்க இழுக்க அது இறுகும். வேறொரு கம்பிக்கு அவர் அந்த முடிச்சுப் போட்டதை நானே பார்த்தேன். எஃகை விரலால் நூல் மாதிரி மடக்கினார்.

'தொப்' என்ற கம்பிகளுக்கு வேறு வைத்தியம். முளையைத் தளர்த்தி, கம்பியைக் கழற்றி, ஒரு வளையமாக மடித்து, அந்த வளையத்தைக் கம்பியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். இடுக்கிலிருந்து பச்சைத் தூள் உதிர்ந்தது. பிறகு செப்பு சுற்றியிருக்கும் அதே திசையில் கம்பியை ஒரு முழுச் சுற்று முறுக்கிக் கொக்கியில் மாட்டினார். தளர்ந்த சுற்று இறுகிவிட்டது. தட்டினார். அந்த 'ம்ம்ம்' என்ற கார்வை எழுந்து ஹால் முழுக்கப் பரவியது. வராந்தாவில் போன வாட்ச்மேன் நின்று எட்டிப் பார்த்தார். அந்த வயதுவரை நான் பியானோவை சினிமாவில்தான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறேன்.

சரி, இல்லாத இரண்டுக்கு என்ன செய்வது? "பக்கத்துக் கம்பிகளை அளந்து நடுவுல இருக்கிறதைக் கண்டுபிடிக்கணும்" என்றார். அவரிடம் இருந்தது ஒரு பழைய மைக்ரோமீட்டர், அதிலும் பூஜ்யப் பிழை. நான் ஓடிப்போய் லேபிலிருந்து நாலு ஸ்க்ரூ கேஜும் உங்களில் எட்டுப் பேரையும் கூட்டிவந்தேன்.

இப்போது ஞாபகம் வருகிறதா? சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் போகவில்லை. அந்தப் பியானோவில் ஒற்றைக் கம்பி ஸ்வரங்கள் 8, இரட்டைக் கம்பி ஸ்வரங்கள் 18, ஆக மொத்தம் 44 பேஸ் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் உள்கம்பி, வெளித் தடிமன், செப்பின் நீளம், முழு நீளம். மூன்று தடவை அளந்து சராசரி. ரெக்கார்டு நோட்டில் இல்லாத அக்கறையை அன்றுதான் உங்களிடம் பார்த்தேன். பிறகு கிராஃப் தாளில் கிடைமட்டத்தில் கட்டை எண்ணும் செங்குத்தில் தடிமனும் வைத்துப் புள்ளி போட்டோம். நேர்கோடு வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. படிக்கட்டு மாதிரி வந்தது. சில இடத்தில் செய்தவன் உள்கம்பியின் அளவை மாற்றியிருக்கிறான். அந்தப் படியைப் பார்க்காமல் சராசரி போட்டிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

"எனக்கு கிராஃப் எல்லாம் வேணாம் மாஸ்டர், காது போதும்" என்று சொன்ன பெரியவர், அரைமணி நேரம் அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கம்பி சுற்றியது திருச்சியில் ஒரு லேத் பட்டறையில். நானும் கூடப் போனேன். உள்கம்பியை இரண்டு கொக்கிக்கு இடையில் விறைப்பாக இழுத்துக் கட்டி, இரண்டு முனையும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். செப்பு எங்கே தொடங்குமோ அங்கே உள்கம்பியைச் சுத்தியலால் லேசாகத் தட்டிச் சப்பையாக்குவார், செப்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ள. செப்புக் கம்பியைத் தோல் துண்டால் பிடித்துக் கையாலேயே ஊட்டினார். தோல் சூடேறிப் புகைந்தது. முடித்ததும் நான் நுனியை வெட்டப் போனேன். "நோ, நோ! முதல்ல வளைச்சிட்டுத்தான் வெட்டணும், இல்லேன்னா சுத்து அவ்வளவும் தளர்ந்துடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நாலாவது கம்பி அருமையாக வந்தது. அது சி, நொடிக்கு 32.7 அதிர்வு. ஐந்தாவது கடைசிவரை லேசாக 'ஜ்ஜ்' என்று இரைந்துகொண்டே இருந்தது. அதோடு புதுக் கம்பி இரண்டும் பழைய கம்பிகளுக்கு நடுவில் பளிச்சென்று தனியாகக் கேட்டன, பஜனை கோஷ்டியில் சினிமாப் பாடகர் சேர்ந்த மாதிரி. வைத்தால் மொத்த செட்டையும் புதிதாக வைக்க வேண்டும், இல்லை பழையதைக் காப்பாற்ற வேண்டும், நடுவில் நின்றால் இப்படித்தான் என்றார். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் அடுத்த ஆறு மாதத்தில் நாலு தடவை சைக்கிளில் வந்து சுருதி ஏற்றிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவைக்கும் பஸ் சார்ஜ் அளவுகூட வாங்கவில்லை. அவர் காலமாகியும் பல வருஷம் ஆகிறது.

அந்த அளவுகள் எழுதிய நோட்டு: பச்சை அட்டை, 80 பக்கம், முதல் பக்கத்தில் பியானோவின் உள்ளே குத்தியிருந்த எண். நடுவில் கிராஃப் தாளை மடித்து ஒட்டியிருந்தோம். பப்ளிக் எக்ஸாம் சமயத்தில், "சார், சுத்தமா காப்பி எடுத்துத் தர்றேன்" என்று ஒருவர் வாங்கிப்போனார். யார் என்று எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எடைக்குப் போட்ட கதை அந்த நோட்டோடு சேர்ந்தே வெளியே வரும் என்ற கூச்சமும் இருந்தது.

இப்போது இல்லாத ஏழு கம்பிகளில் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளவை. பக்கத்துக் கம்பியை வைத்து நடுவை ஊகிக்கும் வேலை இந்தத் தடவை நடக்காது, படி எங்கே விழுந்தது என்று தெரியாது. நோட்டு கிடைத்தால் சென்னைக்காரர் சுற்றிக் கொடுத்துவிடுவார். கிடைக்காவிட்டால் பியானோவை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு இருப்பதாக டீச்சர் சொன்னார்.

அதனால் அன்று ஸ்க்ரூ கேஜ் பிடித்த எட்டுப் பேரும் உங்கள் அம்மா வீட்டுப் பரண், பழைய டிரங்குப் பெட்டி, ரெக்கார்டு நோட்டுக் கட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். திருமானூரில் இருக்கும் நம் அக்கா மகன் இரண்டு வருஷம் என் அறையில் தங்கிப் படித்தான், மாப்பிள்ளை, நீயும் பார். முழு நோட்டு இல்லாவிட்டாலும் அந்த கிராஃப் தாள் மட்டும் கிடைத்தால்கூடப் போதும். போட்டோ எடுத்து அனுப்புங்கள், எண்கள் தெளிவாகத் தெரியும்படி பகலில் எடுங்கள். கிடைத்தவர் எந்த நேரமானாலும் எனக்கு போன் போடலாம், ராத்திரி பத்து மணிக்கு மேலும் நான் முழித்துத்தான் இருப்பேன்.